துள்ளும் படிகங்கள்

சூடான எண்ணெயில் கடுகைப் போட்டால் சில நொடிகளில் அது படபடவென்று வெடித்துத் துள்ளும். தாளிப்பவர் சட்டென்று மூடியை எடுத்துச் சட்டியை மூடுவார். கடுகு ஏன் துள்ளுகிறது? அதனுள் சிறிதளவு ஈரம் இருக்கிறது. வெப்பம் ஏறியதும் அந்த ஈரம் நீராவியாக மாறுகிறது. உள்ளே இடம் போதாத நீராவி, கடுகின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்த வேகத்தில் கடுகு எகிறுகிறது. சோளம் பொரிவதும் இவ்வாறே.

இனி வேறொரு காட்சி. ஆய்வுக்கூடத்தில் ஒரு நுண்ணோக்கியின் அடியில் சிறிய சூட்டு மேடை ஒன்று இருக்கிறது. அதன்மேல் சீனித் துகள் அளவே உள்ள படிகம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. மேடையின் வெப்பம் மெல்ல மெல்ல உயர்த்தப்படுகிறது. படிகம் உருகவில்லை, புகையவில்லை, கருகவும் இல்லை. ஆனால், திடீரென்று அது மேடையில் இல்லை! கண் இமைக்கும் நேரத்தில் எகிறிச் சில சென்டிமீட்டர் தள்ளி விழுந்து கிடக்கிறது.

கடுகினுள் இருப்பதுபோல் இந்தப் படிகத்தினுள் ஈரம் இல்லை. வெளியேறுவதற்கு ஆவியும் இல்லை. துள்ளுவதற்கு முன் எந்தப் பொருளாக இருந்ததோ, துள்ளிய பின்னும் அது அதே பொருள்தான். அப்படியென்றால், அதைத் தூக்கி எறிந்தது எது?

படிகம் என்பது என்ன?

இந்த வினாவுக்கு விடை காண, முதலில் படிகம் என்பது என்னவென்று அறிந்துகொள்ள வேண்டும். கற்கண்டு ஒரு படிகம். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் தட்டையான முகங்களும் கூர்மையான விளிம்புகளும் தெரியும். யாரும் அதைச் செதுக்கி அந்த வடிவத்திற்குக் கொண்டுவரவில்லை. கற்கண்டு, சர்க்கரை மூலக்கூறுகளால் ஆனது. பாகு மெல்ல ஆறும்போது அந்த மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒரே ஒழுங்கில் அடுக்கிக்கொள்கின்றன. பள்ளித் திடலில் மாணவர்கள் வரிசை பிசகாமல் அணிவகுத்து நிற்பதைப் போன்றது இது. உள்ளே இருக்கும் அந்த ஒழுங்கே வெளியே அழகான முகங்களாகத் தெரிகிறது.

கற்கண்டை வளைக்க முடியாது. அழுத்தினால் நொறுங்கிவிடும். ஆகவே, படிகம் என்றாலே கடினமானது, அசைவற்றது என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஆனால், எல்லாப் படிகங்களும் அப்படி அல்ல. சில படிகங்கள் வெப்பம் பட்டால் வளைகின்றன, சில உருள்கின்றன, சில துள்ளுகின்றன. வெப்பத்தால் துள்ளும் படிகங்களை அறிவியலாளர்கள் 'தெர்மோசேலியன்ட்' படிகங்கள் என்று அழைக்கின்றனர். 'தெர்மோ' என்பது வெப்பத்தைக் குறிக்கும். 'சேலியன்ட்' என்பது, துள்ளுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

மேடையைவிட்டு ஓடிய படிகங்கள்

இத்தகைய படிகங்களைக் கண்டு எழுதிவைத்த முன்னோடிகளுள் ஒருவர் மார்கரெட் எட்டர். படிகவியல் அறிஞரான இவர், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 3எம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். இவரும் ஆலன் சீடில் என்ற வேதியியலாளரும் பல்லேடியம் என்னும் உலோகம் அடங்கிய ஒரு சேர்மத்தை ஆராய்ந்தனர். அந்தச் சேர்மத்தின் படிகம் சூடாகும்போது ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்திற்கு எப்படி மாறுகிறது என்பதே அவர்களின் ஆய்வு. சூடேற்றியபோது அந்தப் படிகங்கள் மேடையைவிட்டே எகிறிப் பறந்தன.

ஆய்வுக்கு இஃது ஓர் இடையூறுதான். மேடையில் நில்லாமல் ஓடிவிடும் பொருளை எப்படி உற்றுநோக்குவது? ஆயினும், அதை வெறும் தொல்லை என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. 1983ஆம் ஆண்டு வெளியான தங்கள் ஆய்வுக் கட்டுரையில் அதையும் பதிவுசெய்தனர்.

அதன்பின் இத்தகைய துள்ளலைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செய்திகளே வெளிவந்தன. இதற்குக் காரணங்கள் உண்டு. துள்ளும் படிகங்கள் மிக அரியவை. அவற்றின் துள்ளல் கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, துள்ளும்போது பல படிகங்கள் சிதறி உடைந்தும் போகின்றன. ஒரு படிகத்தின் உள்ளமைப்பை ஊடுகதிரால் ஆராய வேண்டுமானால், அது பெரும்பாலும் உடையாமல் முழுதாக இருக்க வேண்டும். உடைந்த துண்டுகளை வைத்துக்கொண்டு, துள்ளிய கணத்தில் உள்ளே என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது?

எட்டர் பின்னர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்னும் மென்மையான பிணைப்பைப் பற்றிய ஆய்வுகளால் அவர் புகழ்பெற்றார். 1992ஆம் ஆண்டு, தமது 48ஆம் வயதில் அவர் காலமானார். தாம் கண்ட துள்ளலுக்கான முழு விளக்கம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. அந்த விளக்கம் 2014ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அபுதாபியிலுள்ள நியூயார்க் பல்கலைக்கழகக் கிளையில் பணியாற்றும் பாஞ்சே நௌமோவ் என்பவரின் தலைமையிலான குழுவினர், எட்டரும் சீடிலும் ஆராய்ந்த அதே பல்லேடியம் சேர்மத்தை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர்.

ஒரே மூலக்கூறு, வெவ்வேறு அடுக்கு

அவர்கள் கண்ட விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வகைச் செங்கற்களைக் கொண்டு சுவரையும் கட்டலாம், வளைவையும் கட்டலாம். அதுபோல, ஒரே வகை மூலக்கூறுகள் வெவ்வேறு முறைகளில் அடுக்கிக்கொண்டு வெவ்வேறு படிகங்களாக அமையக்கூடும். இப்பண்பைப் 'பல்லுருத்தன்மை' என்பர். பொருள் ஒன்றே, அடுக்கு மட்டும் வேறு.

அடுக்கு மாறினால் பெரிதாக என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. எச்.ஐ.வி. கிருமிக்கு எதிராகப் பயன்படும் ரிட்டோனாவிர் என்னும் மருந்துக்கு 1998ஆம் ஆண்டில் நேர்ந்தது இதற்குச் சான்று. அதுவரை யாரும் அறிந்திராத ஒரு புதிய அடுக்கில் அம்மருந்தின் படிகங்கள் உருவாகத் தொடங்கின. மூலக்கூறு பழையதுதான், ஆனால், புதிய படிகம் எளிதில் கரையவில்லை. கரையாத மருந்து உடலில் சேராது. அதனால், அந்த மருந்துக் குளிகைகளைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ள நேர்ந்தது. நோயாளிகள் நீர்ம வடிவ மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. இதனால்தான், ஒரு மருந்து எத்தனை விதமாக அடுக்கிக்கொள்ளும் என்பதை மருந்தியல் துறையினர் மிகுந்த கவனத்துடன் ஆராய்கின்றனர்.

துள்ளும் படிகங்களும் அடுக்கு மாறும் படிகங்களே. பல்லேடியம் சேர்மத்தின் படிகம் ஐந்து விதமான அடுக்குகளை எடுக்க வல்லது என்று நௌமோவின் குழு கண்டறிந்தது. அவற்றிடையே நான்கு மாற்றங்கள் நிகழ்கின்றன. அந்த நான்கில் ஒன்று நிகழும்போது மட்டுமே படிகம் துள்ளுகிறது.

துள்ளல் எப்படி நிகழ்கிறது?

படிகம் துள்ளும் விதத்தை விளக்க இரப்பர் காய் நல்ல எடுத்துக்காட்டு. மலேசியத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஓசை நன்கு தெரியும். வெயில் காலத்தில் மரத்திலேயே காய்ந்துகொண்டிருக்கும் இரப்பர் காய் 'டப்' என்று வெடிக்கும். புள்ளிகள் நிறைந்த வழவழப்பான விதைகள் பல மீட்டர் தூரம் தெறித்து விழும். காய் காயும்போது அதன் கடினமான ஓடு எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் தடுக்க, ஓட்டினுள் இறுக்கம் சேர்ந்துகொண்டே போகிறது. தாங்கும் எல்லையைக் கடந்ததும் அத்தனை இறுக்கமும் ஒரே கணத்தில் விடுபடுகிறது. காய் வெடிக்கிறது.

படிகத்திலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. அதை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதற்கட்டம், இறுக்கம் சேர்தல். பொதுவாகப் பொருள்கள் சூடானால் விரிவடையும். பல்லேடியம் சேர்மத்தின் படிகமோ ஒரு திசையில் மிக அதிகமாக விரிவடைகிறது. இன்னொரு திசையில் சுருங்குகிறது. இரப்பர் பட்டையை இழுத்தால் அதன் நீளம் கூடி அகலம் குறைவதைப் போன்றது இது. ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பியின் வெப்பம் 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால், கம்பி ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். அந்தப் படிகத்தின் மிகுதியாக விரியும் திசையில் ஒரு மீட்டர் நீளக் கம்பி செய்ய முடியுமானால், அதே சூட்டில் அது ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் நீளும். அஃதாவது, இரும்பைவிட 20 மடங்குக்கும் மேல்! இப்படி ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சுருங்குவதால் படிகத்தினுள் இறுக்கம் சேர்கிறது.

இரண்டாம் கட்டம், அடுக்கு மாறுதல். குறிப்பிட்ட வெப்பநிலை வந்ததும் படிகத்தின் ஏதோ ஓரிடத்தில் பழைய அடுக்கு குலைந்து புதிய அடுக்கு தோன்றுகிறது. பழைய அடுக்குக்கும் புதிய அடுக்குக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு உருவாகிறது. அந்த எல்லைக்கோடு படிகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. சாதாரணப் படிகங்களில் இந்த எல்லைக்கோடு ஊர்ந்து செல்லும். மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக இடம் மாறும். இறுக்கமும் சிறிது சிறிதாகக் கரைந்துவிடும். துள்ளும் படிகத்திலோ அந்த எல்லைக்கோடு ஏறத்தாழ 10,000 மடங்கு வேகத்தில் பாய்ந்து செல்கிறது.

மூன்றாம் கட்டம், துள்ளல். படிகத்தின் வடிவம் ஒரு நொடிக்குள் மாறிவிடுவதால், அது தான் அமர்ந்திருக்கும் மேடையைத் திடீரென்று உதைக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. படிகம் மேடையை உதைக்க, மேடை படிகத்தை மேலே தள்ளுகிறது. தவளை தரையை உந்தித் துள்ளுவதும் இதே விதிப்படிதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடுக்கு மாறும்போது ஒரு மூலக்கூறு நகரும் தொலைவு மிகமிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாகப் பிரித்தால், அதில் ஒரு கூறுக்கும் குறைவான தொலைவே அது நகர்கிறது. அவ்வளவு சிறிய அசைவு, படிகம் முழுவதையும் எப்படித் தூக்கி எறிய முடியும்? ஊர் கூடித் தேர் இழுப்பதை நினைத்துப் பார்த்தால் விடை தெரியும். ஆளுக்கொரு நேரத்தில் வடத்தை இழுத்தால் தேர் அசையாது. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் இழுத்தால் தேர் நகரும். படிகத்திலும் கோடானுகோடி மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே கணத்தில், ஒரே விதமாக அசைகின்றன. அவை ஏற்கெனவே ஒழுங்காக அணிவகுத்து நிற்பதால்தான் இது முடிகிறது. ஒழுங்கில்லாமல் மூலக்கூறுகள் குவிந்து கிடக்கும் பொருளில், ஒன்றின் அசைவை இன்னொன்றின் அசைவு அழித்துவிடும்.

கொல்லன் பட்டறையும் பற்கம்பியும்

அணிவகுத்து நிற்கும் துகள்கள் ஒன்றாக இடம்பெயர்வது உலோகங்களில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் ஒன்று. அரிவாள் அடிக்கும் கொல்லன், பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் தோய்த்தெடுப்பார். அந்தக் கணத்தில் எஃகினுள் அணுக்கள் கூட்டமாக இடம்பெயர்ந்து புதிய அடுக்குக்கு மாறுகின்றன. எஃகு கடினமாகிறது. அதனால்தான் அரிவாளின் முனை மழுங்காமல் நிற்கிறது. இவ்வாறு கடினப்பட்ட எஃகின் உள்ளமைப்புக்கு, அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற செருமானிய உலோகவியல் அறிஞரின் நினைவாக 'மார்ட்டென்சைட்' என்று பெயரிடப்பட்டுள்ளது.

பல் வரிசையைச் சீராக்க மாணவர்கள் சிலர் அணியும் கம்பியிலும் இதே வகை மாற்றம் பயன்படுகிறது. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த அந்தக் கம்பி, வளைத்தாலும் தன் பழைய வடிவத்திற்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியே பற்களை மெல்ல மெல்லத் தள்ளுகிறது. கடினமான உலோகத்தில் நிகழும் இந்த மாற்றம், மென்மையான பிணைப்புகளால் ஆன மூலக்கூற்றுப் படிகங்களிலும் நிகழ்கிறது என்பதையே துள்ளும் படிகங்கள் காட்டுகின்றன.

துள்ளும் குடும்பம்

இன்று துள்ளும் படிகங்கள் பல அறியப்பட்டுள்ளன. மூச்சுக்குழாயை விரிவடையச் செய்யும் ஆக்சிட்ரோப்பியம் புரோமைடு என்னும் மருந்தின் படிகங்கள் சூடேற்றினால் சில சென்டிமீட்டர் உயரம் துள்ளுகின்றன. இதைப் பற்றிய விரிவான ஆய்வு 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுக்கு மாறும்போது இப்படிகத்தின் அடிப்படைக் கட்டம் ஒரு திசையில் 11 விழுக்காடு நீள்கிறது; இன்னொரு திசையில் 7 விழுக்காடு குறுகுகிறது.

டெரெஃப்தாலிக் அமிலம் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால், அதிலிருந்து பிறந்த பொருள் அனைவரும் அறிந்ததே. குடிநீர் விற்கப்படும் நெகிழிப் புட்டிகளும் பாலியெஸ்டர் துணிகளும் அதைக் கொண்டே செய்யப்படுகின்றன. அந்த அமிலத்தின் படிகங்கள் சூடேற்றினால் துள்ளுகின்றன. ஊசிமுனையால் தொட்டாலும் சில வேளைகளில் துள்ளுகின்றன.

வெப்பம் மட்டுமன்றி ஒளியும் சில படிகங்களைத் துள்ள வைக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டதும் துள்ளும் கோபால்ட் சேர்மம் ஒன்றின் படிகங்கள், தம் உடலளவைப்போல் நூறு மடங்குக்கும் மேலான தொலைவைத் தாண்டுகின்றன.

எல்லாப் படிகங்களும் துள்ளித்தான் நகர வேண்டும் என்பதில்லை. ஜப்பானிலுள்ள வசேடா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், அசோபென்சீன் வகைப் படிகம் ஒன்று நடப்பதையும் உருள்வதையும் 2018ஆம் ஆண்டு அறிவித்தனர். தடிமன் ஒரு சீராக இல்லாத அந்தப் படிகத்தை மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்வித்தனர். புழு தன் உடலை வளைத்தும் நிமிர்த்தும் நகர்வதுபோல அது மெல்ல நகர்ந்தது. வேறு வடிவமுள்ள படிகம் ஒன்று, அதைவிடப் பன்மடங்கு வேகத்தில் உருண்டு ஓடியது.

பயனும் தடையும்

துள்ளும் படிகத்தால் என்ன பயன்? ஒரு துள்ளலில் வெப்ப ஆற்றல் நேரடியாக இயக்க ஆற்றலாக மாறுகிறது. இதற்கு மின்கலமோ, பல்சக்கரமோ, கம்பியோ தேவையில்லை. படிகமே இயந்திரம்.

இதை ஒரு மின்காப்பாகப் பயன்படுத்தலாம் என்று 2017ஆம் ஆண்டு நௌமோவின் குழுவினர் செய்து காட்டினர். துள்ளும் படிகம் ஒன்றின்மேல் மெல்லிய உலோகப் பூச்சைப் பூசி, அதை ஒரு மின்சுற்றின் நடுவே வைத்தனர். உலோகப் பூச்சின் வழியே மின்சாரம் பாயும். சுற்று அளவுக்கு மீறிச் சூடானால் படிகம் துள்ளி அகன்றுவிடும்; மின்சாரமும் நின்றுவிடும். வெப்பத்தை உணர்வதும் சுற்றைத் துண்டிப்பதும் ஒரே படிகத்தின் வேலையாகின்றன.

ஆயினும், தடைகள் இல்லாமல் இல்லை. படிகம் எந்தத் திசையில் துள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்வது கடினம். அதைவிடப் பெரிய தடை, பல படிகங்கள் ஒரு முறை துள்ளியதும் உடைந்துபோவதே. தன்னையே உடைத்துக்கொள்ளும் இயந்திரத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடியுமா?

இந்தத் தடையைத் தாண்டும் வழி ஒன்றைப் பைரோகுளுட்டாமிக் அமிலத்தின் படிகங்கள் காட்டின. இவ்வமிலத்தின் மூலக்கூறுகள் இரு வகையாக உள்ளன. இடக்கையும் வலக்கையும் போல அவை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். இடக்கை வகை மட்டும் கொண்ட படிகமும் வலக்கை வகை மட்டும் கொண்ட படிகமும் துள்ளுகின்றன. இரண்டும் சமமாகக் கலந்த படிகமோ துள்ளுவதில்லை. மற்ற பல படிகங்களைப் போல் அல்லாமல், இப்படிகங்கள் உடையாமல் பலமுறை துள்ளுகின்றன என்று 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது. இவற்றின் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைந்துள்ள விதமே இதற்குக் காரணம். அவை இறுக்கத்தை அறுந்துபோகாமல் தாங்கி, பிறகு சட்டென்று விடுவிக்கின்றன. எட்டர் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் ஆராய்ந்த அதே மென்மையான பிணைப்புதான், அவர் முன்பு கண்ட துள்ளலை உடையாமல் நிகழ்த்தவும் உதவுகிறது.

ஆய்வு நடக்கும்போது எதிர்பாராத சிறு நிகழ்வுகள் குறுக்கிடுவது இயல்பு. அவற்றுள் பல கவனிக்கப்படாமலே போய்விடும். 1983இல் சூட்டு மேடையைவிட்டு ஓடிய படிகங்களைப் பற்றி எழுதிவைக்க இருவர் முன்வந்தனர். அதற்கான காரணம் அப்போது முழுமையாகப் புலப்படவில்லை. ஆயினும், அவர்கள் எழுதிவைத்ததால், எந்தப் படிகத்தை எடுத்து ஆராய வேண்டும் என்பது 31 ஆண்டுகள் கழித்து வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.